வீட்டுக்குச் சின்ன கேமரா, கல்யாணத்துக்குப் பெரிய கேமரா

செட்டிநாட்டுக்குப் படமெடுக்க வருகிற பலரிடம் ஒரு கணக்கு இருக்கும். வீடு பிரம்மாண்டம், அதற்குப் பெரிய கேமரா வேண்டும். கல்யாணத்தில் ஓடியாட வேண்டும், அதற்குச் சின்னது போதும். கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பள்ளத்தூர் வீடுகளில் வேலை செய்து பார்த்தால் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. அசையாமல் நிற்கும் வீட்டை ட்ரைபாட் இல்லாமல் எடுப்பதில் சின்ன கேமராதான் முந்துகிறது. அதே வீட்டுக்குள் ஆட்கள் நடமாடத் தொடங்கிவிட்டால் பெரியதுக்குத்தான் கை போகிறது. ஷட்டரை எவ்வளவு நேரம் திறந்து வைக்க முடியும் என்ற ஒன்றில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

சின்னது என்று இங்கே சொல்வது மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் வகையை. ஒலிம்பஸும் பானாசோனிக்கும் சேர்ந்து 2008-இல் கொண்டுவந்தது. சென்சார் 17.3 x 13 மி.மீ. பெரியது ஃபுல் ஃபிரேம். 36 x 24 மி.மீ. பரப்பளவில் கிட்டத்தட்ட நாலு மடங்கு, அதாவது வெளிச்சக் கணக்கில் 2 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு). ஒப்பிட ஆளுக்கொரு மாடல் வைத்துக்கொள்வோம்: ஓஎம் சிஸ்டம் (முன்பு ஒலிம்பஸ்) ஓஎம்-5 ஒரு பக்கம், நிகானின் டிஎஸ்எல்ஆர் டி850 மறுபக்கம். டி850 வந்தது 2017-இல். ஆனாலும் கல்யாண வேலையில் இன்னும் ஓய்வு பெறாத கேமரா அது.

பையை நிறுத்துப் பார்ப்போம். ஓஎம்-5 பேட்டரி, கார்டுடன் 414 கிராம். 12-45 எஃப்4 லென்ஸ் (முதல் எண் மி.மீ. கணக்கு; எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் துளை பெரிது) 254, பானாசோனிக் லைகா 8-18 லென்ஸ் 315, 45 எஃப்1.8 லென்ஸ் 116. மொத்தம் 1,099 கிராம். டி850 பேட்டரி, கார்டுடன் 1,005 கிராம். 24-70 எஃப்2.8 விஆர் (லென்ஸுக்குள்ளேயே நடுக்கம் தாங்கும் அமைப்பு உள்ளது) 1,070, 14-24 எஃப்2.8 சுமார் ஒரு கிலோ, 85 எஃப்1.8 350. சேர்த்தால் 3.4 கிலோ. எஃப்4 லென்ஸையும் எஃப்2.8 லென்ஸையும் ஒரே தராசில் வைப்பது நியாயமா என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. நிகானில் 24-120 எஃப்4 போட்டாலும் லென்ஸ் மட்டுமே 710 கிராம். கண்ணாடியில்லா (மிரர்லெஸ்) ஃபுல் ஃபிரேமுக்கு மாறினால்? சோனி ஏ7 நாலாம் பதிப்பு 658, அதன் 24-70 ஜிஎம் இரண்டாம் பதிப்பு 695. இரண்டும் சேர்ந்து 1,353. ஓஎம்-5-உம் 12-45-உம் சேர்ந்து 668. பாதிக்குப் பாதி வித்தியாசம் அப்படியேதான் நிற்கிறது.

இனி வீட்டுக்குள் போவோம். முகப்பைத் தாண்டி, வளவு என்ற நடு முற்றத்தையும் தாண்டி, இரண்டாம் கட்டின் சுற்றுக்கட்டுக்கு வந்தால் பகல் 11 மணிக்கும் வெளிச்சம் மங்கல்தான். ஐஎஸ்ஓ (சென்சாரின் உணர்திறன்; கூடினால் நாய்ஸ் என்ற புள்ளிகளும் கூடும்) 200, எஃப்4, அரை விநாடி என்று மீட்டர் காட்டுவது அங்கே சாதாரணம். ஓஎம்-5-இல் பாடிக்குள்ளேயே நடுக்கம் தாங்கும் அமைப்பு இருக்கிறது, 6.5 ஸ்டாப் என்பது கம்பெனிக் கணக்கு. அதில் நாலைந்து கிடைத்தாலே போதும். 12 மி.மீ. கோணத்தில், தேக்குத் தூணில் தோளைச் சாய்த்துக்கொண்டு அரை விநாடி எடுத்தால் படம் கூர்மையாகவே வரும்.

டி850 பாடியில் அந்த அமைப்பு கிடையாது. பழைய 24-70 எஃப்2.8ஜி போன்ற விஆர் இல்லாத லென்ஸ் மாட்டியிருந்தால் 24 மி.மீ.-இல் 1/30-க்குக் கீழே கையை நம்ப முடியாது. முன் தூணிலிருந்து பின் நிலைவாசல் வரை கூர்மை வேண்டுமென்றால் எஃப்4 போதாது, எஃப்8 வைக்க வேண்டும். சின்ன சென்சாரில் 12 மி.மீ., எஃப்4, பெரிய சென்சாரில் 24 மி.மீ., எஃப்8 (பார்வைக் கோணம் ஒன்றே), இரண்டிலும் 2.4 மீட்டரில் ஃபோகஸ் வைத்தால் 1.2 மீட்டரிலிருந்து முடிவிலி வரை தெளிவு. கூர்மையின் ஆழம் ஒன்றே. ஆனால் அரை விநாடியிலிருந்து 1/30-க்கு வர 4 ஸ்டாப், எஃப்4-இலிருந்து எஃப்8-க்குப் போக 2 ஸ்டாப், ஆக 6 ஸ்டாப். ஐஎஸ்ஓ 200 அங்கே 12,800 ஆகிறது. சென்சாரின் 2 ஸ்டாப் அனுகூலத்தைக் கழித்தாலும் டி850 நாலு ஸ்டாப் பின்தங்கி நிற்கிறது. விஆர் உள்ள 24-70 மாட்டினால் அதில் மூன்று ஸ்டாப் வரை மீளும். மீதி மீளாது.

அரை விநாடிப் படத்துக்குச் சில பழக்கங்கள் வேண்டும். ஷட்டரை அமுக்கும்போதும் விடும்போதும் விரல் அசைவதால் முதல் படமும் கடைசிப் படமும் கெடும். மெதுவான தொடர் படத்தில் வைத்து நாலு எடுத்து, நடுவில் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். ஆன்டி ஷாக் அமைப்பைப் போட்டுவையுங்கள், ஷட்டர் திரையின் அதிர்வு குறையும். மூச்சை இழுத்துப் பிடிக்காமல், விட்டு முடிந்த கணத்தில் எடுங்கள். கேமராவைத் தூணில் அழுத்துவதைவிட உடம்பைச் சாய்ப்பது நல்லது. நூறு வருஷ மரத்தில் உலோகம் உரசிக் கோடு விழுந்தால் வீட்டைப் பார்த்துக்கொள்பவருக்குப் பதில் சொல்ல முடியாது.

ட்ரைபாட் வைக்க அனுமதி கிடைத்தால் கதை மாறும். அப்போது டி850-ஐ ஐஎஸ்ஓ 64, எஃப்8, 6 விநாடி என்று வைத்து எடுக்கலாம். தேக்கின் கருமையில் இருக்கும் செதுக்கலை அது இழுத்துக்காட்டும் விதத்துக்கு ஓஎம்-5-இன் ஐஎஸ்ஓ 200 ஈடாகாது. ஆனால் அந்த அனுமதி எளிதில் கிடைப்பதில்லை. ஆத்தங்குடித் தளத்தில் கீறல் விழும் என்ற பயம் வீட்டுக்காரர்களுக்கு உண்டு, அது சரியான பயமும்கூட. கால்களில் ஆணி நுனி இருந்தால் கழற்றிவிட்டு ரப்பர் நுனி போட்டு, கேட்பதற்கு முன்பே காட்டிவிடுவது நல்லது. திருமயம் கோட்டை தொல்லியல் துறைப் பராமரிப்பில் இருப்பது; அங்கே ட்ரைபாட் வைக்க முன் அனுமதி வேண்டும். சின்ன கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனால் உல்லாசப் பயணி, பெரியதைத் தூக்கிக்கொண்டு போனால் "எந்தக் கம்பெனி, எதுக்கு எடுக்குறீங்க?" என்ற விசாரணை. கோயில்களிலும் இதே வித்தியாசம்தான். கருவறைப் பக்கம் இரண்டுக்குமே இடமில்லை.

வளவு தனிச் சோதனை. நடுவில் திறந்த வானம், சுற்றிலும் நிழல். ஒரே ஷாட்டில் இரண்டையும் அடக்குவதில் பெரிய சென்சாருக்குத்தான் தாங்குசக்தி அதிகம். சின்னதில் ஒரே ஷாட்டில் முயன்றால் ஒன்று முற்றம் வெளுக்கும், இல்லையென்றால் நிழலைத் தூக்கும்போது மரத்தில் புள்ளி புள்ளியாக நாய்ஸ் வரும். 2 ஸ்டாப் இடைவெளியில் 3 படம் தொடராக எடுத்துக் கணினியில் சேர்த்துவிட்டால் இந்தக் குறை தீரும். வெயில் நேராக முற்றத்தில் விழும் உச்சிவேளையில் எடுக்காமல், காலை ஒன்பதுக்கு முன்போ மாலை நாலரைக்குப் பிறகோ எடுத்தால் 3 படம்கூட வேண்டியிருக்காது. மேலே வண்ணக் கண்ணாடி இருந்தால் கண்ணாடிக்கு எக்ஸ்போஷர் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியின் நிறம் ஒருமுறை வெளுத்துப்போனால் ரா கோப்பிலும் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) திரும்பாது.

தளத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் லென்ஸின் குற்றங்களையெல்லாம் காட்டிக்கொடுப்பது ஆத்தங்குடிக் கல்தான். கட்டம் கட்டமாக ஓடும் கோடுகளில் ஒரு சின்ன வளைவும் தெரிந்துவிடும். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் லென்ஸ்களில் வளைவைத் திருத்தும் கணக்கு ரா கோப்போடு சேர்ந்தே வருகிறது, லைட்ரூம் போன்ற மென்பொருள் தானாகவே திருத்திவிடும். டிஎஸ்எல்ஆர் 24-70-இல் 24 மி.மீ. பக்கம் நடு வீங்கித் தெரியும். லென்ஸ் ப்ரொஃபைலை நாமே டிக் செய்ய வேண்டும். அடுத்தது பளபளப்பு. கண்ணாடித் தகட்டின் மேல் வார்த்த கல், வருஷக்கணக்கில் துடைத்துத் துடைத்து மெருகேறியது. ஜன்னல் வெளிச்சம் அதில் வெள்ளைத் திட்டாக விழும். போலரைசர் ஃபில்டர் அதை வெட்டும், ஆனால் தரையிலிருந்து சுமார் 35 டிகிரி சாய்வில் பார்க்கும்போதுதான் முழுசாக வெட்டும். நேர் மேலிருந்து எடுத்தால் ஒன்றும் நடக்காது. ரொம்ப அகலமான லென்ஸில் ஒரு பாதி வெட்டி மறுபாதி வெட்டாமல் அசிங்கமாக நிற்கும். 12-45-க்கு 58 மி.மீ. ஃபில்டர் போதும், நிகான் 24-70 விஆருக்கு 82 மி.மீ. வேண்டும், விலையில் அந்த வித்தியாசம் தெரியும். தூண்களின் பிரதிபலிப்பு தளத்தில் நீளமாக விழுந்து அழகாக இருந்தால் ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள்.

முகப்பை எடுக்கும்போது கேமராவை அண்ணாந்து பிடித்தால் சுவர் பின்னுக்குச் சாயும். மேலே கஜலட்சுமி சுதை கம்பீரமாக உட்கார்ந்திருக்க, வீடே பின்பக்கம் மல்லாந்து விழுவதுபோல் இருக்கும். ஓஎம்-5-இல் கீஸ்டோன் திருத்தம் கேமராவிலேயே உண்டு, திரையில் பார்த்துக்கொண்டே நிமிர்த்தலாம். ஆனால் நிமிர்த்தும்போது ஓரம் வெட்டுப்படும், 20 மெகாபிக்சலில் அது வலிக்கும். டி850-இன் 45.7-இல் வெட்டினாலும் மிச்சம் நிறைய. கட்டிடக்கலைப் பத்திரிகைக்கோ புத்தகத்துக்கோ எடுப்பவர்களுக்கு கேமராவை அண்ணாக்காமல் லென்ஸை மட்டும் மேலே நகர்த்தும் டில்ட்-ஷிஃப்ட் லென்ஸ்தான் நேர்வழி. நிகானில் 19 மி.மீ., கேனானில் 17, 24 மி.மீ. இருக்கின்றன. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸுக்கென்று ஒலிம்பஸோ பானாசோனிக்கோ அப்படி ஒன்று செய்யவில்லை. வீட்டுப் படத்தில் பெரிய கேமராவுக்கு மறுக்க முடியாத இடம் இது ஒன்று.

கல்யாணத்துக்கு வருவோம். நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்) கல்யாணம் மண்டபத்துக்குப் போய்விட்டாலும், சொந்த ஊர் வீட்டில் வைத்து நடத்துபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். திருப்பூட்டும், அதாவது தாலி கட்டும் நேரத்தில் ஆச்சிமாரும் பங்காளிகளும் நெருங்கி நிற்க, வெளிச்சம் மேலே தொங்கும் இரண்டு விளக்கும் வீடியோக்காரரின் எல்இடியும்தான். கை அசைகிறது, தலை திரும்புகிறது. 1/160-க்குக் கீழே போக முடியாது. இங்கே நடுக்கம் தாங்கும் அமைப்பால் ஒரு பயனும் இல்லை. அது நம் கையின் நடுக்கத்தைத்தான் தாங்கும், மாப்பிள்ளையின் கை நடுக்கத்தை அல்ல.

எஃப்2.8, 1/160, ஐஎஸ்ஓ 3200 என்று வைத்துக்கொள்வோம். டி850-இல் அது நிம்மதியான படம். பட்டின் ஜரிகையும் முகத்தின் தோலும் தனித்தனியாக நிற்கும். அதே 3200 சின்ன சென்சாரில் ஃபுல் ஃபிரேமின் 12,800 போலத் தெரியும். 45 எஃப்1.8 மாட்டினால் ஐஎஸ்ஓ 1250-க்கு இறங்கலாம், அப்போதும் ஃபுல் ஃபிரேமின் 5000 அளவுக்கு நாய்ஸ் இருக்கும். நாய்ஸ் நீக்கும் மென்பொருள் இப்போது நன்றாகவே வேலை செய்கிறது. பத்துப் படத்துக்கு ஓட்டலாம், இரண்டாயிரம் ராவுக்கு ஓட்டினால் கம்ப்யூட்டர் ராத்திரி முழுக்கத் தூங்காது. பின்புலத்தை மங்கலாக்குவதும் அப்படித்தான். 45 எஃப்1.8 தருவது ஃபுல் ஃபிரேமில் 90 மி.மீ., எஃப்3.6 தரும் மங்கல். 85 எஃப்1.8 அதைவிட 2 ஸ்டாப் கூடுதலாகக் கரைக்கும். பெண்ணின் முகத்துக்குப் பின்னால் பத்துப் பேர் செல்போனைத் தூக்கிப் பிடித்திருக்கும் வீட்டில் அந்தக் கரைசலின் அருமை தெரியும்.

கழுத்துரு என்ற கனமான பொன் தாலிக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. அவ்வளவு பொன் ஒரே இடத்தில் இருக்கும்போது மீட்டர் முகத்தைப் பார்க்கும், பொன்னின் பளபளப்பு வெளுத்துப்போகும். ஹைலைட் எச்சரிக்கையைப் போட்டு மூன்றில் ஒரு ஸ்டாப்பிலிருந்து மூன்றில் இரண்டு வரை குறைத்து எடுத்து, முகத்தைப் பிறகு தூக்குங்கள். இப்படித் தூக்குவதற்கும் பெரிய சென்சார்தான் கொடுத்துவைத்தது.

சின்ன கேமராவின் சத்தமில்லாத ஷட்டரை நம்பிக் கல்யாணத்துக்குப் போகிறவர்கள் இரண்டு இடத்தில் மாட்டுவார்கள். எலெக்ட்ரானிக் ஷட்டர் சென்சாரை மேலிருந்து கீழாகச் சாவகாசமாகப் படிக்கிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடி விநாடிக்கு 100 முறை மங்கி எரிகிறது. பட்டை பட்டையாகக் கோடு விழும், பின்னால் திருத்த முடியாது. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி, ஆட்கள் அதிகம் அசையாத நேரத்தில் 1/50 அல்லது 1/100-இல் வைத்தால் பெரும்பாலும் தீரும். இரண்டாவது, வேகமான அசைவு. தவில்காரர் குச்சியை வீசும்போது எலெக்ட்ரானிக் ஷட்டரில் குச்சி வில்லாக வளைந்து தெரியும். டி850-இன் லைவ் வியூ சத்தமில்லா முறையிலும் இதே கோளாறு உண்டு. அதை யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை.

ஃபிளாஷ் அடிப்பவர்கள் கவனிக்க வேண்டியது கூரை. மேலே நோக்கி அடித்து வெளிச்சத்தைத் திருப்பும் வழக்கம் மண்டபத்தின் வெள்ளை சீலிங்கில் எடுபடும். செட்டிநாட்டு வீட்டின் பட்டாலைக் கூடத்தில் மேலே இருப்பது உயரமான தேக்குப் பலகை. வெளிச்சத்தில் பாதியை அது விழுங்கும், திரும்பி வருவது ஆரஞ்சாக வரும். பக்கத்துச் சுவரில் அடியுங்கள். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் அரைத்துப் பூசி மெருகேற்றிய சுவர் நல்ல ரிஃப்ளெக்டர். ஆனால் அதற்கு நேர் எதிரே நின்று அடித்தால் சுவரிலேயே ஃபிளாஷ் வட்டமாக முகம் காட்டும், கொஞ்சம் சாய்ந்து நிற்க வேண்டும். வெள்ளைச் சமநிலைக்கு மாப்பிள்ளையின் வேட்டியைப் பார்க்காதீர்கள். சோப்பில் இருக்கும் வெளுப்பான் அதை நீலமாக ஒளிரவைக்கும். கையில் ஒரு சாம்பல் அட்டை இருக்கட்டும்.

குரூப் போட்டோவில் மட்டும் சின்னதுக்குக் கல்யாணத்திலும் மரியாதை திரும்புகிறது. முகப்புப் படியில் மூன்று வரிசையாகப் பங்காளிகளை நிற்கவைத்தால் ஃபுல் ஃபிரேமில் எஃப்8 வேண்டும், சின்னதில் எஃப்4 போதும். பகல் வெளிச்சமும் இருக்கிறது. படத்தைப் பார்த்து எது எதில் எடுத்தது என்று சொல்வது கடினம்.

ஆல்பத்துக்கு எத்தனை மெகாபிக்சல் வேண்டும் என்ற சந்தேகம் தீர ஒரு கணக்கு. இங்கே பெரும்பாலும் அடிப்பது 12 x 36 அங்குல விரிப்பு. ஒரே படத்தை 36 அங்குலத்துக்கு விரித்தால் ஓஎம்-5-இன் 5,184 பிக்சல் அங்குலத்துக்கு 144 என்று வருகிறது. டி850-இன் 8,256 பிக்சலுக்கு 229. கையில் பிடித்துப் பார்க்கும் ஆல்பத்தில் 144 கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கும். சட்ட வடிவமும் சின்னதுக்குப் பகை. 4:3 படத்தை 3:1 விரிப்புக்கு வெட்டினால் 44 சதவீதம்தான் மிஞ்சும். 3:2-இல் பாதி மிஞ்சும். ஆனால் ஓஎம்-5-இல் கையில் பிடித்தபடியே பல படங்களைச் சேர்த்து 50 மெகாபிக்சல் ஆக்கும் வசதி இருக்கிறது. 8,160 பிக்சல் அகலம், அங்குலத்துக்கு 227, கிட்டத்தட்ட டி850-க்குச் சமம். ட்ரைபாடில் 80 மெகாபிக்சல், அங்குலத்துக்கு 288. நாய்ஸும் குறையும். ஆல்பத்தின் முதல் விரிப்பாக வீட்டை அகலமாகப் போடுவதென்றால் அந்தப் படத்தை இப்படி எடுக்கலாம், ஒரு நிபந்தனையோடு: எதுவும் அசையக் கூடாது. மின்விசிறியை நிறுத்துங்கள், திரைச்சீலையைக் கட்டுங்கள், குத்துவிளக்கை அணைக்க முடியாதென்றால் அந்தச் சுடர் கட்டம் கட்டமாகச் சிதறும் என்று தெரிந்துகொள்ளுங்கள். அப்பர்ச்சர் எஃப்5.6-ஐத் தாண்ட வேண்டாம். எஃப்8-க்கு மேல் இந்தச் சென்சாரில் ஒளிச்சிதறல் கூர்மையைத் தின்றுவிடும், பிக்சலைக் கூட்டி லாபமில்லை.

தை மாதம் சிராவயல் மஞ்சுவிரட்டுக்குப் போகிறவர்களுக்கு: பகல் வெளிச்சம், பொட்டல் வெளி, தூரம். 75-300 லென்ஸ் 423 கிராமில் ஃபுல் ஃபிரேமின் 150-600 கோணம் தருகிறது. எடையில் இதற்குப் போட்டியே இல்லை. 1/1000-க்குக் கீழே இறங்காதீர்கள். ஓடும் காளையை விடாமல் பிடிப்பதில் ஓஎம்-5-இன் ஃபோகஸ் டி850 அளவுக்கு இல்லை. அதற்கு ஓஎம்-1 வேண்டும். அதில் விலங்கு அடையாளம் காணும் வசதி உண்டு. நாய், பூனை பட்டியலில் இருக்கின்றன, ஜல்லிக்கட்டுக் காளை இல்லை. சாதாரண ஃபோகஸ் கட்டத்தைத் திமிலில் வைத்துத் தொடர்வதே மேல்.

இரண்டுக்கும் பொதுவான எதிரிகள் செம்மண் புழுதியும் ஈரமும். பூட்டிக் கிடந்த வீட்டில் வவ்வால் எச்சமும் ஒட்டடையும் இருக்கும், அங்கே லென்ஸ் கழற்றுவதை அடியோடு தவிருங்கள். எது வேண்டும் என்று திண்ணையிலேயே முடிவுசெய்து மாட்டிக்கொண்டு போங்கள். டிஎஸ்எல்ஆர் சென்சாரில் தூசி விழுந்தால் எஃப்11, எஃப்16-இல் வானத்தில் கரும்புள்ளியாகத் தெரியும். வீட்டை வெளியிலிருந்து வெயிலில் எடுக்கும்போது அந்த எண்களை வைக்க நேரும் என்பதால் தொல்லை அதிகம். ஒலிம்பஸ் வகையில் சென்சாரை அதிரவைத்துத் தூசி தட்டும் அமைப்பு நன்றாகச் செயல்படுகிறது, எஃப்5.6-இல் எடுப்பதால் மீதியும் கண்ணில் படாது. ஏசி அறையில் இரவு வைத்திருந்த கேமராவை ஐப்பசி காலையில் நேராக வெளியே எடுத்தால் லென்ஸ் வேர்க்கும். பைக்குள்ளேயே அரைமணி நேரம் வெளியே வைத்துவிட்டுத் திறங்கள். மழைக்காலம் முழுக்க சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பா வேண்டும். பூஞ்சை சின்ன லென்ஸ், பெரிய லென்ஸ் என்று பார்ப்பதில்லை.

கல்யாணத்தைப் பணம் வாங்கி எடுப்பவர்களுக்கு ஓஎம்-5-ஐ முதல் கேமராவாக நான் சொல்லமாட்டேன். அதற்குக் காரணம் சென்சார் அல்ல, ஒரே ஒரு கார்டு இடம். கார்டு கெட்டால் திருப்பூட்டை மறுபடி நடத்தச் சொல்ல முடியாது. ஓஎம்-1-இல் இரண்டு எஸ்டி கார்டு, டி850-இல் ஒரு எக்ஸ்க்யூடியும் ஒரு எஸ்டியும் உண்டு; இரண்டிலும் ஒரே நேரத்தில் எழுதும்படி வையுங்கள். பேட்டரியும் கவனிக்க வேண்டியது. தர அளவீட்டில் ஓஎம்-5-க்கு சுமார் 310 படம், டி850-க்கு 1,840. ஒரு நாள் கல்யாணத்துக்குச் சின்னதில் ஐந்தாறு பேட்டரி, பெரியதில் இரண்டு.

ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை வாடகைக்கு எடுக்கலாம் என்று நினைத்தால், சொந்தமாக வாங்க வேண்டியது சின்னதைத்தான். மதுரையிலும் திருச்சியிலும் நிகான், கேனான், சோனி பாடியும் லென்ஸும் வாடகைக்குக் கிடைப்பது எளிது, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸைத் தேடி அலைய வேண்டியிருக்கும். இரண்டையும் சேர்த்து ஓட்டுபவர்கள் ஃபிளாஷை இரண்டு செட் வாங்க வேண்டியதில்லை. கோடாக்ஸ் டிடி685 போன்ற ஃபிளாஷ், எந்தக் கம்பெனி கேமராவில் மாட்டிய கோடாக்ஸ் ட்ரிக்கருக்கும் (ஃபிளாஷைத் தூரத்திலிருந்து இயக்கும் கருவி) எரியும். ட்ரிக்கர் மட்டும் கேமராவுக்கு ஏற்றது தனித்தனியாக வேண்டும். கோடாக்ஸின் எக்ஸ்2டி ட்ரிக்கர் வாங்கும்போது நிகானுக்கு உள்ளதா, ஒலிம்பஸ்-பானாசோனிக்குக்கு உள்ளதா என்று பெட்டியில் பார்த்து வாங்குங்கள். இரண்டிலும் சேனல் எண்ணும் ஐடியும் ஒன்றாக இல்லாவிட்டால் ஒன்றில் எரியும் ஃபிளாஷ் மற்றதில் எரியாது.